பழைய இரும்பு

நாற்பது வயதுக்கு மேல் மனிதனுக்குச் சில விபரீத ஆசைகள் வரும் என்பார்கள். சிலர் வீணை கற்றுக்கொள்ளக் கிளம்புகிறார்கள். சிலர் தேர்தலில் நிற்கிறார்கள். எனக்கு வந்த ஆசையைக் கேட்டு என் வீட்டார் கொஞ்சம் கவலைப்படவே செய்தார்கள். ஒரு கத்தி செய்யவேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. மோட்டார், மின்சாரச் சாணை என்று ஒன்றும் இல்லாமல், ஓர் இரும்பு ரம்பத்தையும் இரண்டு அரங்களையும் வைத்துக்கொண்டு என் கையாலேயே செய்யவேண்டும்!

இதற்கு மூலகாரணம் எங்கள் வீட்டு அரிவாள்மணை. பாட்டி காலத்துச் சாமான். எத்தனையோ கல்யாணங்களுக்குக் கறிகாய் நறுக்கி, தேய்ந்து தேய்ந்து, மூன்றாம் பிறை மாதிரி ஆகியிருந்தது. பார்க்கக் கன்னங்கரேல் என்று இருக்கும். ஆனால் வாழைப்பூவை அதன்மேல் வைத்தால் போதும், தானாகவே இரண்டாகிவிட்டது போல் இருக்கும். ஒரு நாள் அது அடியோடு முறிந்துவிட்டது. அதற்குப் பதிலாகக் கடையிலிருந்து பளபளவென்று ஒரு எவர்சில்வர் கத்தி வந்தது. தக்காளியைக் கண்டால் வழுக்குகிறது, வாழைக்காயைக் கண்டால் வளைகிறது. "பாட்டி அரிவாள்மணை மாதிரி இனிமேல் எங்கே கிடைக்கப்போகிறது?" என்று என் மனைவி பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சுதான் என்னைக் கிளப்பிவிட்டது.

தஞ்சாவூருக்குப் போய் ஓர் இரும்புக் கடையில் ஒரு பட்டை வாங்கினேன். கடைக்காரர், "என்ன வேலைக்கு?" என்று கேட்டார். கத்தி செய்ய என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. "வீட்டு வேலைக்கு" என்றேன். அவரும் வீட்டு வேலைக்கு உகந்த பட்டையாகவே கொடுத்துவிட்டார். குற்றம் என்னுடையதுதான்.

எட்டு நாள் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து அராவினேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியில் கத்தி மாதிரி ஒன்று உருவாயிற்று. கரியடுப்பில் சிவக்கக் காய்ச்சி, வாளித் தண்ணீரில் 'சொய்ங்' என்று தோய்த்தேன். என்ன அழகான சத்தம்! முதல் கத்தரிக்காயை நன்றாக நறுக்கியது. இரண்டாவது கத்தரிக்காயில் மழுங்கிவிட்டது.

அந்தக் கத்தியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு, குடமுருட்டிக் கரையில் இருக்கும் ஒரு கிராமத்துக் கொல்லுப் பட்டறைக்குப் போனேன். ஆசாரியாருக்கு எழுபது வயதிருக்கும். கத்தியை வாங்கினார், பார்த்தார், அரத்தை எடுத்து விளிம்பில் ஒரு இழுப்பு இழுத்தார்.

"தம்பி, அரம் வெண்ணெயிலே போற மாதிரி போகுது பாருங்க. தோச்சல் போட்டீங்களா?"

"போட்டேன், ஆசாரியாரே. நன்றாகச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டேன்."

"எத்தனை தடவை போட்டாலும் இது இப்படித்தான் இருக்கும். இதிலே உறைப்பு இல்லே."

"அப்படியானால் நல்ல இரும்பு எது? அதைச் சொல்லுங்கள்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எதுக்கு?" என்று கேட்டார்.

"கத்தி செய்யத்தான்."

"அது தெரியுது. எதை வெட்டறதுக்கு? எந்த அடுப்பிலே காய்ச்சறதுக்கு? யாரு அடிக்கறதுக்கு? அதைச் சொல்லாமே நல்ல இரும்பு எதுன்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த 'எதுக்கு' என்ற ஒரு சொல்லைச் சுமந்துகொண்டு வீட்டுக்குத் திரும்பினேன். அதற்குப் பிறகு பல நாட்கள் புத்தகங்களில் அலைந்தேன். அலைந்த பிறகுதான், தஞ்சாவூர்ச் சரித்திரத்தின் ஒரு பாதி அந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது என்பது தெரிந்தது.

*

முதலில் இரும்பின் ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். சின்ன ரகசியந்தான். இரும்பின் குணம் அதில் கலந்திருக்கும் கரியைப் பொறுத்தது. அடுப்பில் எரிகிற அதே கரிதான். நூறு பங்கு இரும்பில் கரி ஏறக்குறைய இல்லவே இல்லை என்றால் அது தேனிரும்பு. வளையும், ஒட்டும், உடையாது. ஆனால் கூர் நிற்காது. நான் வாங்கிய பட்டையில் கால் பங்குக்கும் குறைவாகவே கரி இருந்திருக்கும். கரி அரைப் பங்கிலிருந்து ஒன்றரைப் பங்கு வரை ஏறினால், காய்ச்சித் தோய்த்ததும் கண்ணாடி மாதிரி கெட்டியாகும். அதைத்தான் கத்திக்காரர்கள் எஃகு என்று மதிக்கிறார்கள். இரண்டு பங்குக்கு மேல் போனால் வார்ப்பிரும்பு. அது தோசைக்கல்லுக்கு ஆகும். சம்மட்டியால் அடித்தால் சிதறிவிடும். நூற்றில் இரண்டு பங்குக்குள் இத்தனை விளையாட்டு!

கரி இல்லாத இரும்பை மட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. தஞ்சாவூர்க் கீழவாசலில் பீரங்கி மேட்டுக்குப் போய்ப் பாருங்கள். ரகுநாத நாயக்கர் காலத்தில், சுமார் 1620-ஆம் வருஷம் செய்யப்பட்ட பீரங்கி அங்கே கிடக்கிறது. நீளம் ஏறக்குறைய 25 அடி, எடை சுமார் 22 டன். அதை யாரும் வார்க்கவில்லை. 43 நீண்ட இரும்புப் பட்டைகளைக் குழாயாக அடுக்கி, அவற்றின்மேல் வளையம் வளையமாக இரும்பைக் காய்ச்சி மாட்டி, அடித்து ஒட்டவைத்திருக்கிறார்கள். வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுகிற அதே வித்தைதான். மாட்டுவண்டிக்குச் செய்ததை மலைபோன்ற பீரங்கிக்குச் செய்தார்கள். அதற்கு எடுத்தது தேனிரும்பு. வெடிமருந்தின் வேகத்தைத் தாங்க வேண்டிய குழாய்க்குக் கூர் எதற்கு? உடையாமல் இருந்தால் போதும். அந்தக் கொல்லர்களும் வேலை தொடங்குமுன், "எதுக்கு?" என்று கேட்டுக்கொண்டுதான் இரும்பைப் பொறுக்கியிருக்கிறார்கள்.

ஆனால் இத்தனை இரும்பும் எங்கிருந்து வந்தது? காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல் மண் நம்முடையது. வெட்டினால் களிமண், இன்னும் வெட்டினால் மணல். கல்லுக்கே வெளியூர் போனவர் ராஜராஜ சோழர். இரும்புத் தாதுவும் இங்கே இல்லை, அதை உருக்கக் கரி கொடுக்கும் காடும் இல்லை. ஆனால் இரும்பு இல்லாமல் இந்தச் சீமையில் ஒரு நாளும் விடிந்ததில்லை. கொழு வேண்டும், மண்வெட்டி வேண்டும், கருக்கரிவாள் வேண்டும். பெரிய கோயில் கல்வெட்டுகளில், ஊர்களில் வரி நீக்கிய நிலங்களைச் சொல்லி வரும்போது ஊர்நத்தம், குளம், வாய்க்கால் இவற்றோடு 'கம்மாணசேரி' என்றும் வருகிறது. கம்மாளர்கள் குடியிருந்த இடம். கொல்லன் இல்லாத ஊரில் உழவும் இல்லை, அறுவடையும் இல்லை என்பது அந்தக் காலத்துக் கணக்கர்களுக்குத் தெரிந்திருந்தது.

*

தாதுவும் காடும் இருந்த இடம் மேற்கே. சேலம், கோயம்புத்தூர், ஈரோடு வட்டாரம். தஞ்சாவூரில் இருக்கும் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985-ஆம் வருஷம் முதல் நொய்யல் கரையில் கொடுமணலைத் தோண்டினார்கள். சங்க காலத்து ஊர். இரும்பு உருக்கிய அடையாளங்களும், எஃகு காய்ச்சியதாகக் கருதப்படும் உலைகளும் அங்கே வெளிப்பட்டன. 1990-களின் தொடக்கத்தில் சாரதா சீனிவாசன் என்ற ஆராய்ச்சியாளர் பழைய தென்னார்க்காட்டு ஜில்லாவில் மேல்சிறுவலூர் என்னும் ஊரில் எஃகு உருக்கிய மூசைகளின் ஓடுகளைக் கண்டெடுத்தார். மூசை என்றால் தட்டான் பொன் உருக்குகிற மண் குடுவைதான். இங்கே அதற்குள் பொன்னுக்குப் பதிலாக எஃகு உருகியிருக்கிறது.

அதை எப்படிச் செய்தார்கள் என்பதைச் சேலத்தில் கம்பெனி உத்தியோகம் பார்த்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற வெள்ளைக்காரர் எழுதிவைத்திருக்கிறார். பரங்கிப்பேட்டையில் 1830-ஆம் வருஷம் பெரிய இரும்பு ஆலை தொடங்கியவர் அவர். அடித்துச் சுத்தமாக்கிய தேனிரும்பைச் சிறு துண்டுகளாக்குவார்கள். உமி கலந்த களிமண்ணால் செய்த மூசையில் அதைப் போட்டு, உலர்ந்த ஆவாரங்குச்சியும் ஒன்றிரண்டு எருக்கிலையும் வைத்து, வாயைக் களிமண்ணால் அடைத்துவிடுவார்கள். ஒரு மூசையில் அரை ராத்தலிலிருந்து இரண்டு ராத்தல் வரையில் இரும்பு இருக்கும். இப்படி இருபது, இருபத்துநாலு மூசைகளை உலையில் அடுக்கி, துருத்தியால் இரண்டரை மணி நேரம் ஊதுவார்கள். ஆறிய பிறகு மூசையை உடைத்தால் உள்ளே கொழுக்கட்டை அளவுக்கு ஓர் எஃகுக் கட்டி! ஆவாரங்குச்சி கரியாகி இரும்புக்குள் ஏறிவிட்டது. உமியின் சாம்பல் பெரும்பாலும் மணற்சத்து. அது இருந்ததால் மூசை அத்தனை சூட்டையும் தாங்கியது. தங்கச் சத்தோ மந்திரமோ ஒன்றும் இல்லை. நம் வேலியில் பூக்கிற ஆவாரையும், நம் களத்தில் குவிகிற உமியும் செய்த வேலை.

இந்த எஃகை 'உருக்கு' என்றோம். கன்னடத்தில் 'உக்கு'. அது வெள்ளைக்காரர் வாயில் எப்படியோ 'வூட்ஸ்' ஆகிவிட்டது. 1794-ஆம் வருஷம் பம்பாயிலிருந்த ஹெலனஸ் ஸ்காட் என்ற டாக்டர் இதில் சில கட்டிகளை லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பாங்க்ஸுக்கு அனுப்பினார். அடுத்த வருஷமே ஜார்ஜ் பியர்சன் அதைச் சோதித்துக் கட்டுரை வாசித்தார். ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்திக்காரர் அதில் சவரக் கத்தியும் வைத்தியர்களுக்கு வேண்டிய ஆயுதங்களும் செய்து விற்றார். ஐரோப்பாவின் சிறந்த எஃகைவிட இந்திய எஃகே தமக்குப் பிடித்தது என்று தம் கடைச் சீட்டிலேயே அச்சிட்டுக்கொண்டார். அவரோடு சேர்ந்து 1819-ஆம் வருஷத்திலிருந்து இந்த எஃகை ஆராய்ந்தவர் யார் தெரியுமா? மின்சாரத்துக்குப் பேர்போன மைக்கேல் பாரடே! அவருடைய தகப்பனாரும் ஒரு கொல்லர்தான்.

அந்த வருஷங்களில் தஞ்சாவூர் அரண்மனையில் இருந்தவர் இரண்டாம் சரபோஜி மன்னர். 1798 முதல் 1832 வரை பட்டத்தில் இருந்தவர். கண் வைத்தியத்தில் அவருக்கு அபார ஈடுபாடு. நோயாளிகளின் கண்களைப் படம் எழுதி விவரம் குறித்த ஏடுகள் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. அதற்கு வேண்டிய சத்திர சிகிச்சைக் கருவிகளை அவர் ஐரோப்பாவிலிருந்து தருவித்தார். லண்டனில் ஒரு கத்திக்காரர் நம் உருக்கில் சத்திரக் கத்தி செய்துகொண்டிருக்கிறார். தஞ்சாவூரில் நம் ராஜா சீமையிலிருந்து சத்திரக் கத்தி வரவழைத்துக்கொண்டிருக்கிறார்! இதைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பிறகு அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

இந்தக் கதையில் என்னைப் போன்ற கற்றுக்குட்டிகளுக்கு ஒரு பாடம் இருக்கிறது. இவ்வளவு புகழ் பெற்ற உருக்கைச் சீமைக் கொல்லர்கள் கையில் கொடுத்தபோது, பலருக்கு அது உலையிலிருந்து எடுத்து அடித்ததுமே நொறுங்கிப் போயிற்று. அவர்கள் தங்கள் ஊர் இரும்பை வெண்சூடாகக் காய்ச்சி அடித்துப் பழகியவர்கள். உருக்கில் கரி ஒன்றரைப் பங்கு வரை இருந்தது. அதைச் செஞ்சூட்டுக்கு மேல் போகவிடாமல், பொறுமையாக, மெல்ல மெல்ல அடிக்கவேண்டும். அந்தக் கைப்பழக்கம் கட்டியோடு கப்பலேறிப் போகவில்லை. அந்த உருக்கில் நீரோட்டம்போல் தெரியும் வரிகளின் காரணத்தை 1990-களில்தான் அமெரிக்காவில் வெர்ஹோவன் என்ற பேராசிரியரும் பெண்ட்ரே என்ற கொல்லரும் சேர்ந்து விளக்கினார்கள். தாதுவில் மிகச் சிறிய அளவில் ஒட்டிவந்த வனேடியம் முதலிய உலோகங்களும், திரும்பத் திரும்பத் தாழ்ந்த சூட்டில் காய்ச்சி அடித்ததும் அதற்குக் காரணம் என்றார்கள். ஒரு பேராசிரியருக்குப் பக்கத்தில் ஒரு கொல்லர் நின்றபிறகுதான் விஷயம் புரிந்திருக்கிறது.

உலகத்தின் சிறந்த எஃகே ஆனாலும், அதை அறியாத கைக்கு அது நல்ல எஃகு இல்லை. குடமுருட்டி ஆசாரியார், "யாரு அடிக்கறதுக்கு?" என்று கேட்டாரே, அதன் அர்த்தம் இதுதான்.

*

இன்னொரு சமாசாரமும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நாயக்கர்கள், மராத்தியர் காலத்துத் தஞ்சாவூர்க் கட்டாரிகள் உலகப் பிரசித்தம். கைப்பிடியில் எஃகைச் சரிகைபோல் துளைத்து யாளியும் கொடியுமாகச் செய்திருப்பார்கள். எழும்பூர் அருட்காட்சியகத்திலும் இருக்கின்றன, வெளிநாட்டு அருட்காட்சியகங்களிலும் இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் அலகைக் கூர்ந்து பார்த்த அறிஞர்கள், அது ஐரோப்பிய வாளின் துண்டு என்கிறார்கள். கடற்கரைத் துறைகளில் வந்து இறங்கிய பரங்கி வாள்களை வெட்டி, தஞ்சாவூர்ப் பிடியில் பொருத்தி, அரசர்கள் இடுப்பில் செருகிக்கொண்டார்கள். உருக்குக்குப் பேர்போன தேசத்து ராஜா, உடைந்த அயல்நாட்டு வாளில் கட்டாரி செய்யச் சொல்லியிருக்கிறார்! நல்ல அலகு கிடைத்தால் அது எந்த ஊர், புதுசா பழசா என்று நம் கம்மாளர்கள் ஜாதகம் பார்க்கவில்லை. பழைய இரும்பில் கத்தி செய்வது ஏழையின் வழக்கம் என்று நினைத்திருந்தேன். அரண்மனை வழக்கமாகவும் இருந்திருக்கிறது.

அந்த ஆயுதங்கள் அரண்மனையில் கூடகோபுரம் என்ற ஆயுத கோபுரத்தில் இருந்தன. 1799-ஆம் வருஷ உடன்படிக்கையிலேயே நாட்டின் நிர்வாகம் கம்பெனியிடம் போய்விட்டது. கோட்டையும் அதைச் சுற்றிய இடமும்தான் ராஜாவுக்கு மிஞ்சின. 1855-ஆம் வருஷம் சிவாஜி மன்னர் ஆண் வாரிசு இல்லாமல் காலமானார். மிஞ்சியதையும் கம்பெனியார் எடுத்துக்கொண்டார்கள். ஆயுதசாலையும் அவர்கள் கைக்குப் போயிற்று.

ராஜ்யம் இல்லாத ஊரில் வாள் எதற்கு? 1860-களில் அவற்றில் ஒரு பகுதியைப் பொறுக்கிச் சென்னை அருட்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். மீதியை உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். சென்னை ராஜதானியில் சிவில் உத்தியோகம் பார்த்த வால்ஹவுஸ் என்பவர் 1878-ஆம் வருஷம் 'இந்தியன் ஆன்டிகுவரி' பத்திரிகையில் தஞ்சாவூர் ஆயுதசாலையைப் பற்றி ஆதங்கத்தோடு எழுதியிருக்கிறார். நாம் சின்ன வயதில் ஓட்டை வாளியைக் கொடுத்துப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்றிருக்கிறோம். சர்க்கார் இரண்டு ராஜ வம்சங்களைக் கொடுத்து வாங்கியது அதைவிட இனிப்பாக இருந்திருக்காது.

அதே சமயத்தில் நடந்த இன்னொரு காரியத்தையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1861-ஆம் வருஷம் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் வந்தது. ஒரு பக்கம் பழைய எஃகு கோபுரத்திலிருந்து இறங்குகிறது. மறுபக்கம் புதிய இரும்பு கப்பலிலும் ரயிலிலும் வந்து குவிகிறது. சீமை இரும்பு மலிவாக வந்தது. காட்டுக்குக் கட்டுப்பாடு வந்து கரி கிடைப்பது அரிதாயிற்று. சேலத்துச் சிற்றுலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஹீத்தின் பரங்கிப்பேட்டை ஆலைகூடக் கரிப் பஞ்சத்தாலும் கடனாலும் திணறித் திணறி அந்த 1860-களிலேயே ஓய்ந்துபோயிற்று.

ஆனால் கிராமத்துக் கொல்லர் ஓய்ந்துவிடவில்லை. ஆவாரங்குச்சி உருக்கு நின்றுபோனால் என்ன? ரயில் வந்தால் ரயிலின் இரும்பு கழியும். லாரி வந்தால் லாரியின் வில்பட்டை கழியும். அவர் பரங்கி வாளை வெட்டிய அதே கண்ணோடு லாரிப் பட்டையைப் பார்த்தார். எங்கள் பாட்டியின் அரிவாள்மணையும் அப்படிப் பிறந்த ஒன்றாகத்தான் இருக்கவேண்டும்.

*

இவ்வளவையும் தெரிந்துகொண்டு மறுபடியும் குடமுருட்டிக் கரைக்குப் போனேன். இந்தத் தடவை பதில் தயாராக இருந்தது.

"காய்கறி நறுக்க, ஆசாரியாரே. கரியடுப்பில் காய்ச்ச. செய்யப்போவது ஒன்றும் தெரியாத நான்."

ஆசாரியார் முதல் தடவையாகச் சிரித்தார். பட்டறை மூலையில் கிடந்த குவியலிலிருந்து மூன்று சாமான்களை எடுத்துப் போட்டார். தேய்ந்த அரம் ஒன்று, லாரியின் வில்பட்டைத் துண்டு ஒன்று, ஒரு பெரிய பால்பேரிங் வளையம்.

அரத்தில் கரி ஒரு பங்குக்கு மேல் இருக்கும். கூர் அபாரமாக நிற்கும். ஆனால் பதம் கொஞ்சம் தவறினாலும் பல் விழுந்துவிடும். பேரிங்கில் கரியோடு குரோமியமும் உண்டு. அதற்குச் சூடு கணக்காக இருக்கவேண்டும், கண்ணை மட்டும் நம்பிச் செய்கிற புதியவனுக்கு அது பிடிகொடுக்காது. எவர்சில்வர் எஃகு இன்னும் மோசம். ஆயிரம் டிகிரிக்கு மேல் அளந்து காய்ச்சவேண்டும், அது கரியடுப்புக்காரன் சமாசாரம் இல்லை. வில்பட்டையில் கரி அரைப் பங்கிலிருந்து 0.6 பங்கு வரை. கூர் சுமாராகத்தான் நிற்கும், ஆனால் தப்பை மன்னிக்கும். புதிதாக விலைக்கு வாங்குகிறவர்கள் 0.75-இலிருந்து 0.85 வரை கரியுள்ள, வேறு சரக்கு அதிகம் சேராத எஃகைக் கேட்டு வாங்குவது நல்லது. எஃகு வகைகளுக்குள் குறைந்த சூட்டில், குறைந்த சிரமத்தில் பதத்துக்கு வருவது அதுதான். எண்கள் நான் புத்தகத்தில் படித்தவை. ஆசாரியார் சொன்னது, "அரம் கோவக்காரன், பட்டை சாது" என்பதுதான்.

பட்டையை அவர் அப்படியே எடுத்துக்கொண்டுவிடவில்லை. கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டிக் கேட்டார். கணீரென்றால் சரி, தொண்டை கட்டினால் உள்ளே விரிசல் உண்டு. வருஷக்கணக்காக மேடும் பள்ளமும் குதித்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். பிறகு கையால் சுற்றும் சாணையில் வைத்தார். என் பழைய கத்தியை வைத்தபோது பொறி நீளநீளமாக, சோம்பேறித்தனமாகப் போயிற்று. பட்டையை வைத்தபோது பொறி நுனியில் வெடித்துப் பூத்தது. அரத்தை வைத்தபோது தீபாவளிக் கம்பி மத்தாப்பேதான். கரி ஏற ஏறப் பூவும் ஏறும். கடைசியில் ஒரு சிறு துண்டை வெட்டிக் காய்ச்சித் தோய்த்து, பட்டடையில் வைத்து ஒரே அடியில் முறித்து, முறிந்த முகத்தைக் காட்டினார். மணி மணியாக நுண்ணிய ரவைபோல் இருந்தது. "இதே கல்லுப்பு மாதிரி இருந்தா, சூடு மிஞ்சிப் போச்சுன்னு அர்த்தம்" என்றார். இதைவிட நல்ல ரசாயனப் பாடத்தை நான் காலேஜில் கேட்டதில்லை.

பட்டையை நிமிர்த்தி, சிவக்கக் காய்ச்சி, ஒரு தகரம் நிறைய உமிச்சாம்பலில் புதைத்துவைத்தார். இராத்திரி முழுவதும் அது மெல்ல ஆறினால்தான் அரம் கடிக்கும். மேல்சிறுவலூர் மூசையைக் காப்பாற்றிய அதே உமி, என் கத்தியையும் பதப்படுத்திக் கொடுத்தது. மறுநாளிலிருந்து பதினைந்து நாள் அராவினேன். இந்தத் தடவை தெருக்காரர்கள் நிற்கவில்லை, பழகிவிட்டார்கள்.

தோச்சல் போடுவதற்கு அந்தி நேரத்தில் வரச் சொன்னார். வெளிச்சம் அதிகமானால் இரும்பின் நிறம் ஏமாற்றும். துருத்தி ஊத ஊத, கத்தி கறுப்பிலிருந்து செம்மறி நிறமாகி, பிறகு பழுத்த கோவைப்பழம் போல் சிவந்தது. நான் கொண்டுபோயிருந்த காந்தத்தைக் காட்டினேன். ஒட்டவில்லை. எஃகு ஏறக்குறைய 770 டிகிரியில் காந்தத்தை மறந்துவிடும். "அதுக்கு மேலே இன்னும் ஒரு சாயல்" என்றார் ஆசாரியார். அந்தச் சாயலுக்குக் காத்திருந்து, தண்ணீரை விட்டு எண்ணெய்ச் சட்டியில் நேர்குத்தாக இறக்கினார். தண்ணீர் சட்டென்று குளிரவைக்கும், கத்தி வெடித்தாலும் வெடித்துவிடும் என்றார். வெளியே எடுத்து அரத்தை இழுத்தார். கண்ணாடியில் நகம் பட்டது போல் வழுக்கியது.

அப்படியே விட்டால் கீழே விழுந்து உடைந்துவிடும். ஒரு பக்கம் தேய்த்துப் பளபளப்பாக்கி, காய்ந்த இரும்புத் தகட்டின்மேல் முதுகுப்புறமாக வைத்தார். வெள்ளை முகத்தில் மெல்ல ஒரு மஞ்சள் பரவியது. தை மாதத்து வைக்கோல் நிறம். "போதும்" என்று எடுத்துவிட்டார். 220, 230 டிகிரி இருக்கும் என்று புத்தகம் சொல்லும். அவருக்கு வைக்கோல் போதும்.

"இதையெல்லாம் யாருக்காவது சொல்லிக்கொடுத்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன்.

"பையன் வெளியூரிலே வேலையா இருக்கான். சம்பளம் நல்லாத்தான் வருது. அறுப்புக்கு எல்லாம் மிஷின் வந்துட்டுது, தம்பி. முந்தி தை பிறந்தா கருக்கரிவாளுக்குக் கருக்குக் கொத்த ராத்திரி பகலா உலை அணையாது. களத்திலே மரக்கால் மரக்காலா நெல்லு வரும். இப்போ வாரத்திலே ரெண்டு நாள் மூட்டினா அதிகம்." குரலில் குறை ஒன்றும் தெரியவில்லை. மழை பெய்யவில்லை என்று சொல்வதுபோல் சொன்னார். எனக்குத்தான் ஆயுதசாலை நினைவு வந்தது. அங்கேயாவது நாலு வாள் அருட்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சாணைப் பொறியைப் பார்த்து இரும்பின் ஜாதி சொல்கிற கண்ணை எந்தக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது? அதற்கு இன்னொரு மனிதனின் கண்தான் வேண்டும். அதனால்தான் பத்திரிகை வாசகர்களிடம் உமிச்சாம்பலையும் வைக்கோல் நிறத்தையும் பற்றி இவ்வளவு விஸ்தாரமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். படிப்பவர்களில் யாராவது ஒருவர் ஒரு பட்டையைத் தட்டிக் கேட்டுப் பார்த்தால்கூடப் போதும்.

கத்தி சுமாராகத்தான் இருக்கிறது. முதுகு கொஞ்சம் கோணல். பாட்டியின் அரிவாள்மணைக்கு அது பக்கத்தில்கூட நிற்காது. ஆனால் வாழைக்காயைக் கண்டால் வளையவில்லை. என் மனைவி முதலில் ஒதுக்கிவைத்திருந்தாள். இப்போது எவர்சில்வர் கத்தியைத்தான் ஒதுக்கிவைத்திருக்கிறாள்.

புறப்படும்போது என் பழைய கத்தியை, "இதைக் குப்பையில் போட்டுவிடுங்கள்" என்று நீட்டினேன். ஆசாரியார் அதை என் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளாத குறையாக வாங்கினார்.

"இதை ஏன் எறியறது? இரும்பு நல்ல இரும்புதான். நீங்கதான் அதுக்குத் தெரியாத வேலையைக் கொடுத்துட்டீங்க" என்று சொல்லிவிட்டு, அதை உலையில் செருகினார். காய்ந்ததும் இரண்டு மடிப்பு, ஒரு துளை, நாலு தட்டு. கால் மணி நேரத்தில் ஒரு நாதாங்கி தயார்.

எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவில் அது இருக்கிறது. நன்றாக வேலை செய்கிறது.